கடல் கடந்து தொண்டு செய்யப் புறப்படுமுன்...

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து, ஓத வரும் பிள்ளைகளை எதிர்பார்த்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தந்தையும் தாயும் தங்கள் இளைய மகனுடன் வில்லியனூர் வந்து சேர்ந்தனர். சிறு வயதில் மாமன் வீட்டில் தங்கி என்னிடம் ஓதிய பிள்ளைதான் அவர். செவிலியர் படிப்பை முடித்து, நான்கு ஆண்டுகளாக மருத்துவமனைப் பணியில் இருக்கிறார்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவின் கிராமச் சுகாதார நிலையம் ஒன்றில் ஓராண்டு தொண்டராகப் பணிபுரிய அவருக்கு அழைப்பு வந்திருந்தது. தங்குமிடமும் உணவும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு, சம்பளம் இல்லை.

“ஹஜ்ரத், மூத்தவன் குவைத்துக்குப் போய் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீடு எழுந்தது. இவனோ சம்பளமே இல்லாமல் போகிறேன் என்கிறான். கல்யாணத்துக்கு ஒரு பெண் காத்திருக்கிறாள். தெரியாத ஊர், தெரியாத மனிதர்கள். நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்றார் தாயார்.

அந்தத் தாயின் கவலை நியாயமானதே. ஆயினும் ஒரு கேள்வி என்னுள் எழுந்தது. மூத்த மகன் புறப்பட்டபோது, அந்த நாட்டு மக்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்களின் பேச்சு என்ன, வழக்கம் என்ன என்று இந்த வீட்டில் எவரேனும் கேட்டிருப்பார்களா? சம்பளம் எவ்வளவு என்று மட்டுமே கேட்டிருப்போம். சம்பளம் இல்லை என்றவுடன்தான் அந்நிய நாடு நமக்கு அந்நியமாகத் தோன்றுகிறது.

முன்னே சென்றவர்கள்

தொண்டுக்காகக் கடல் கடப்பது இந்தியருக்குப் புதிதன்று. 1912இல் பால்கன் போர் மூண்டபோது, காயமுற்ற துருக்கி வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலேறியது. சென்னையிலும் பின்னர் பிரிட்டனிலும் மருத்துவம் பயின்ற டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அதற்குத் தலைமை தாங்கினார். அலிகரில் படித்துக்கொண்டிருந்த பெஷாவர் இளைஞர் அப்துர் ரஹ்மானும் படிப்பை விட்டு அக்குழுவில் சேர்ந்தார். 1913இல் குழுவினர் நாடு திரும்பினர். அப்துர் ரஹ்மானோ அங்கேயே தங்கிவிட்டார். பின்னாளில் புதிய துருக்கி அரசின் தூதராகக் காபூலில் பணியாற்றும் அளவுக்கு அந்நாட்டவருள் ஒருவரானார். 1925இல் இஸ்தான்புல்லில் சுடப்பட்டு இறந்தார்.

1938இல், ஜப்பானின் படையெடுப்பால் துன்புற்ற சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ். சீனமொழி ஒரு சொல்லும் அறியாமல் சென்றவர், அதைப் பேசவும் எழுதவும் கற்று, அம்மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அங்குப் பணியில் இருந்தபோதே தந்தை இறந்த செய்தி வந்தது, அவர் திரும்பவில்லை. சீனச் செவிலியர் ஒருவரை மணந்தார். ஒரு மகனும் பிறந்தான். 1942 டிசம்பர் 9ஆம் நாள், 32ஆம் வயதில், நோயுற்று அங்கேயே காலமானார். நால்வர் திரும்பினர், ஒருவர் திரும்பவில்லை. அவர் வரலாற்றை க்வாஜா அஹ்மத் அப்பாஸ் நூலாக எழுதினார். 1946இல் அது திரைப்படமாகவும் வந்தது.

இவ்வரலாறுகளை நான் எடுத்துச் சொன்னபோது அந்தத் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பாதவரின் கதையை அவரிடம் மறைத்திருக்கலாம். ஆனால் புகழை மட்டும் சொல்லி விலையை மறைத்தால் அது அறிவுரை ஆகாது.

மூன்று கேள்விகள்

பின்னர் அப்பிள்ளையை நோக்கி மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதலாவது, நிய்யத்தைப் பற்றியது. “தம்பி, அம்மக்களுக்காகப் போகிறாயா, இங்கிருந்து தப்பிப்பதற்காகப் போகிறாயா?” அவர் சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். “இரண்டும் இருக்கிறது ஹஜ்ரத். அரசு வேலைக்கு மூன்று முறை எழுதியும் கிடைக்கவில்லை. ஊரில் கேட்போருக்குப் பதில் சொல்லி முடியவில்லை” என்றார். அந்த உண்மை எனக்குப் பிடித்திருந்தது. மனத்தாங்கலுடன் புறப்படுபவன் அங்கும் ஒரு மனத்தாங்கலைக் கண்டுகொள்வான். அதை இங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும்.

இரண்டாவது, “உன் கையில் உள்ளது அவர்களுக்குத் தேவையா?” என்பது. நல்லெண்ணம் மட்டும் நோயாளியின் காயத்தைக் கட்டாது. தொழில் தெரியாத தொண்டர், உதவி பெற வேண்டியவர்களுக்கே சுமையாகிவிடுவார். இவருக்கோ நான்காண்டு அனுபவம் உண்டு. அங்குள்ள செவிலியரிடம் கற்றுக்கொள்ளும் பணிவும் இருக்குமானால் அவர் பயன்படுவார்.

மூன்றாவது, “உன்னை நம்பியிருப்போருக்கு என்ன ஏற்பாடு?” என்பது. போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய செய்தியை நாம் அறிவோம். தாயின் மனம் நோகப் புறப்படும் தொண்டில் பரக்கத்தை எதிர்பார்க்க இயலாது.

அறிமுகமற்ற நாடு

அவர் ஸ்வாஹிலி மொழிப் பாடப் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாங்கிப் புரட்டிய எனக்கு வியப்பு. அவர்கள் புத்தகத்தைக் ‘கிதாபு’ என்கின்றனர். நலம் விசாரிக்கும் ‘ஹபாரி’ என்பது செய்தி எனப் பொருள்படும் ‘கபர்’. பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபாரி’ நம் ‘ஸஃபர்’. அரபு வணிகர்களின் பாய்மரக் கப்பல்கள் நம் கடற்கரைக்கும் அக்கடற்கரைக்கும் சென்றதன் அடையாளங்கள் இவை. நம் கடலோர ஊர்கள் பலவற்றைப் போலவே அங்கும் ஷாஃபி மத்ஹபே பெரும்பான்மை.

ஆயினும் சொற்கள் ஒத்திருப்பதால் மனிதர்களும் நம்மைப் போன்றவர்களே என்று எண்ணிவிடலாகாது. அந்த நாட்டில் கிறிஸ்தவர்களும் பெருந்தொகையினர். பழங்குடி வழக்கங்களும் பல. உணவு, உடை, பெரியோருக்குக் காட்டும் மரியாதை அனைத்தையும் கேட்டுத்தான் அறிய வேண்டும். முதல் சில மாதங்கள் வாயைக் குறைத்துச் செவியைத் திறந்து வைத்திருப்பதே நலம்.

உலகியல் ஏற்பாடுகளையும் அசட்டை செய்யக்கூடாது. பணியின் விவரம், காப்பீடு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். தொண்டராகச் சேர்ப்பதற்கே பெருந்தொகை கேட்போரை ஐயத்துடன் நோக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்திற்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பே போட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். மலேரியாத் தடுப்புக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். சென்றவுடன் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.

ஊரில் தொடங்கிய தொண்டு

தந்தை அதுவரை பேசவில்லை. இறுதியாக, “தொண்டு செய்ய நம் ஊரில் இடமில்லையா ஹஜ்ரத்?” என்றார். உண்டு. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊர் ஆண்களும் பெண்களுமே. 2004 டிசம்பர் 26 காலை, அத்தகைய மையத்தில் முன்பு தொண்டராயிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. ஏராளமான உயிர்கள் தப்பின. ஊரில் தொண்டு பழகியவனுக்கு எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

மக்ரிபுக்கு பாங்கு ஒலித்தது. தாயார் எழுந்து, “தங்கையின் நிக்காஹ் முடியட்டும். அதற்குள் அந்தப் பேச்சைக் கற்றுக்கொள். பிறகு போய் வா” என்றார். பயணத்தை ஆறு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று அப்பிள்ளை எழுதிக் கேட்டிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். இடையில் வாரம் இரு நாட்கள் தம் ஊர் முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக் கொடுக்கிறார்.

பெற்றோர்களே! தொண்டுக்குப் புறப்படும் பிள்ளையிடம் இம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சம்பாதிக்கப் புறப்படும் பிள்ளையிடமும் அவற்றையே கேளுங்கள். இருவரும் போவது அந்நிய நாட்டுக்குத்தான்.