எண்ணாயிருந்து பெயர் பெற்ற கனி

குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது, என்ன பெயர் இடுகிறீர்கள் என்றே குருவானவர் முதலில் கேட்கிறார். மனிதரை ஆண்டவன் பெயர் சொல்லி அழைக்கிறான் என்பது நம் விசுவாசம். ஆனால் பெயரைப் பறித்துவிட்டு எண்ணைக் கொடுத்த இடமும் இவ்வுலகில் இருந்தது. அங்கே முளைத்த ஓர் ஆப்பிளின் வரலாறு இது.

ஜெர்மனியின் பவேரியா நாட்டுப்புறத்தில், 1885-ல், ஓர் உழவர் குடும்பத்தின் பதினொரு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தவர் கொர்பினியான் ஐக்னர். பிரைசிங் மறைமாவட்டத்தின் பாதுகாவலரான புனித கொர்பினியானின் பெயரே அவருக்கு வாய்த்தது. தமக்கு வரவேண்டிய நிலத்தை விட்டுக்கொடுத்து, 1911-ல் குருப்பட்டம் பெற்றார். ஆயினும் பழமரங்களின்மீது கொண்ட பற்றை அவர் விடவில்லை. ஆப்பிள், பேரி வகைகளை ஒவ்வொன்றாக வண்ணத்தில் வரைந்து வைத்தார். அவ்வோவியங்கள் ஏறத்தாழ 900.

ஹிட்லரின் ஆட்சியை அவர் அஞ்சாது எதிர்த்தார். குழந்தைகளுக்கு அடால்ஃப் என்று பெயரிட்டுத் திருமுழுக்கு அளிக்க மறுத்தார். 1939 நவம்பர் 8-ஆம் நாள் மியூனிக் நகரில் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்தது. சற்று முன்னரே வெளியேறியிருந்த ஹிட்லர் உயிர் தப்பினார். மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாம் கட்டளையைப் பற்றிப் பேசுகையில், அம்முயற்சி பாவந்தானா என்று தமக்குத் தெரியவில்லை என்றும், அது நிறைவேறியிருந்தால் பல இலட்சம் உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னார். அச்சொல் அதிகாரிகளுக்கு எட்டியது. அம்மாதமே கைதானார்.

சிறையிலிருந்து சாக்சன்ஹௌசன் வதைமுகாமுக்கும், 1941-ல் டாக்கௌ முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். கிறிஸ்தவக் குருக்கள் 2700-க்கும் மேற்பட்டோர் அடைபட்ட முகாம் அது. அங்கே அவருடைய பெயர் 27788. தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்ட அவர், இரண்டு கொட்டகைகளுக்கு இடையே கிடைத்த சிறு நிலத்தில் ஆப்பிள் விதைகளை ஊன்றினார். நான்கு புதிய வகைகள் தோன்றின. வதைமுகாமைக் குறிக்கும் ஜெர்மன் எழுத்துகளாலேயே அவற்றைக் கே.இசட்.1 முதல் கே.இசட்.4 வரை என்று அழைத்தார். தோட்டத்துக் கடைக்கு வந்துசென்ற ஓர் இளம்பெண், நாற்றுகளை மறைவாக வெளியே எடுத்துச் சென்றாள் என்பர்.

1945 ஏப்ரலில் கைதிகளைத் தெற்கு நோக்கி நடத்திச் சென்றபோது ஐக்னர் தப்பி, ஒரு துறவற மடத்தில் ஒளிந்திருந்தார். பின்னர் தம் பங்குக்கே திரும்பித் திருப்பணியையும் மரங்களையும் தொடர்ந்தார். 1966-ல் இறைவனடி சேர்ந்தபோது, அவர் விருப்பப்படி முகாமின் கைதி மேலங்கியோடு அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பிறந்த நூற்றாண்டான 1985-ல், அக்கனிகளுள் மூன்றாவதற்குக் ‘கொர்பினியான் ஆப்பிள்’ என்று பெயர் சூட்டினர். அக்டோபரில் பறித்துப் பல மாதங்கள் வைத்துண்ணத்தக்க, இனிப்பும் புளிப்பும் கலந்த கனி அது. அவருடைய ஓவியங்கள் 2012-ல் காசல் நகரின் உலகக் கலைக்காட்சியில் வைக்கப்பட்டன.

ஆப்பிளின் விதை தாய்மரத்தின் கனியை அப்படியே தருவதில்லை. நம் ஊர் ஒட்டு மாவைப்போல், கிளையை ஒட்டித்தான் அவ்வினத்தைக் காக்கவேண்டும். எனவே, இன்று எந்தத் தோட்டத்தில் கொர்பினியான் ஆப்பிள் காய்த்தாலும், அது டாக்கௌ மண்ணில் முளைத்த அதே மரத்தின் கிளையே. எண்ணிட்டவர்களின் ஆட்சி பன்னிரண்டு ஆண்டுகளில் அழிந்தது. அவர்கள் பறித்த பெயரோ ஆண்டுதோறும் காய்க்கிறது.