கேண்டீன் பையனும் போர்க்கப்பலும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என மூன்று எதிரி நாட்டு நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்த கப்பல் எது தெரியுமா? பிரிட்டனின் ‘பெட்டார்ட்’! இது நாசகாரி வகைக் கப்பல். அதாவது, வேகமாகப் போய் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவது இதன் வேலை.

1942 அக்டோபர் 30. எகிப்துக்கு வடக்கே மத்தியதரைக் கடல். பெட்டார்டும் கூட வந்த கப்பல்களும் மணிக்கணக்கில் குண்டு போட்டதில், ராத்திரி ஜெர்மனியின் யு-559 நீர்மூழ்கி மேலே வந்தது. அதிலிருந்தவர்கள் கடலில் குதித்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் ஏறுகிறது. ஆனாலும் பெட்டார்டின் அதிகாரி டோனி ஃபாசனும் மாலுமி காலின் கிரேசியரும் உள்ளே இறங்கி ரகசியப் புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அவற்றை வாங்கி மேலே சேர்த்தவன் டாமி பிரவுன். பெட்டார்டின் கேண்டீன் பையன். வயசு 16தான்! திடீரென்று நீர்மூழ்கி மூழ்கியது. டாமி பிழைத்தான். மற்ற இரண்டு பேரும் வரவே இல்லை.

அந்தப் புத்தகங்களில் அப்படி என்ன இருந்தது? ஜெர்மன் நீர்மூழ்கிகள் ‘எனிக்மா’ எந்திரத்தில் அனுப்பிய சங்கேதச் செய்திகளை உடைக்க உதவும் குறிப்புகள்! சுமார் பத்து மாசமாகத் திணறிய பிரிட்டிஷ் நிபுணர்கள் டிசம்பரில் அவற்றை மறுபடியும் படித்தார்கள். நீர்மூழ்கி நிற்கும் இடம் தெரிந்ததும் சரக்குக் கப்பல்களை வேறு வழியில் திருப்பினார்கள். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

ஆனால் போர் முடிந்து பல வருஷம் வரை இது ரகசியம். டாமியோ 1945-ல் வீட்டில் தீப்பிடித்தபோது தங்கையைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டான். தான் கொண்டுவந்த புத்தகங்களின் மதிப்பு அவனுக்குக் கடைசிவரை தெரியாது!

பெட்டார்ட் 1967-ல் உடைக்கப்பட்டது.