அயல்நாட்டில் நட்பு



மேற்படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் கடல் கடந்து செல்லும் இளைஞர் பலர். பயணத்துக்கு முன்னரே அவர்கள் குளிருடை வாங்குகிறார்கள். பணத்துக்கு வழி செய்துகொள்கிறார்கள். அன்னை கட்டிக் கொடுத்த ஊறுகாயையும் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். ஆயினும் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல இயலாதது ஒன்று உண்டு. அதுவே நட்பு. சென்ற இடத்தில்தான் அதைத் தேடிக்கொள்ள வேண்டும். அதை எவ்வாறு தேடுவது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

பிறந்த ஊரில் நாம் நட்பைத் தேடி அலைவதில்லை. தெரு, பள்ளி, கோயில், உறவினர் இல்லம் ஆகியவை ஒரே முகங்களை நாள்தோறும் நம்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பலமுறை கண்ட முகம் பழகிய முகமாகிறது. பழகிய முகத்துக்கு உரியவரே பின்னர் நண்பராகிறார். இவ்வளவும் நம் முயற்சியின்றியே நிகழ்வதால், நட்புத் தானாக விளையும் பொருள் என்று எண்ணிவிடுகிறோம். அயல்நாட்டில் அந்தத் தெருவும் இல்லை. அந்த உறவும் இல்லை. மேலும், அங்குள்ள சிறு குழந்தையும் அறிந்திருக்கும் செய்தி நமக்குத் தெரிவதில்லை. எப்போது கைகுலுக்குவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று ஒவ்வொன்றிலும் தடுமாற்றம். அறிவாளி ஒருவன் அற்பமான செயல்களில் அறியாதவனாகி நிற்கும் நிலையே தனிமைத் துயரின் வேர். இதற்கு இருவர் வரலாறு நல்ல சான்றாகும்.

முதலாமவர் காந்தியடிகள். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறி, சட்டம் பயில இங்கிலாந்துக்குச் சென்றார். அப்போது அவருக்கு 19 வயதும் நிறையவில்லை. கரையிறங்கும்போது அணிவதற்கென்றே வைத்திருந்த வெண்ணிற உடையை உடுத்திக்கொண்டு இறங்கினார். இலையுதிர் காலத்து இங்கிலாந்தில் அத்தகைய உடை அணிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. நாணத்தால் குன்றிப்போனார். அவரைக் காணவந்த டாக்டர் மேத்தாவின் தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை எதிர்ப்புறமாகத் தடவிப் பார்த்தார். பிறர் பொருளைத் தொடலாகாது, உரக்கப் பேசலாகாது, முதற்சந்திப்பிலேயே சொந்தச் செய்திகளைக் கேட்கலாகாது என்று மேத்தா அங்கேயே பாடம் கற்பித்தார். இரவில் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகியதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

புலால் உண்பதில்லை என்று தாயிடம் அளித்த உறுதி அவரைப் பாதிப் பட்டினியில் வைத்தது. ஆனால் அந்த உறுதியே அவருக்கு வழிகாட்டியும் ஆயிற்று. நாள்தோறும் பல மைல் நடந்து, மரக்கறி உணவகம் எங்கேனும் உண்டா என்று தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். அங்கேயே சால்ட் என்பார் மரக்கறி உணவுக்குப் பரிந்து எழுதிய நூல் ஒன்றும் கிடைத்தது. தாய்க்காகக் காத்த நோன்பு, அந்நாட்டு மக்களிலும் சிலர் தம் அறிவால் தேர்ந்துகொண்ட கொள்கை என்பதை அப்போது உணர்ந்தார்.

இடையில் அவர் வேறு ஒரு வழியையும் முயன்று பார்த்தார். ஆங்கிலக் கனவானாகத் தோன்ற வேண்டும் என்று விலையுயர்ந்த உடை தைத்துக்கொண்டார். நடனமும் வயலினும் பயிலத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அந்த மோகம் தணிந்தது. நிலைத்த நட்பை அவருக்குத் தந்தது மரக்கறி உணவினர் கூட்டமே. 1890-இல் லண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம் பெற்றார். தாம் வாழ்ந்த பேஸ்வாட்டர் பகுதியில் தாமே ஒரு சிறு மன்றம் கண்டார். டாக்டர் ஓல்ட்ஃபீல்டு அதன் தலைவர், சர் எட்வின் ஆர்னால்டு துணைத்தலைவர், காந்தியடிகள் செயலாளர். மன்றம் சில மாதங்களே நடந்தது. எனினும் அந்நியராய் வந்தவர் பிறரை அழைக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டார். 1891 ஜூன் மாதத்தில் தாய்நாடு திரும்புமுன் ஹோல்பர்ன் உணவகத்தில் தம் நண்பர்களுக்கு மரக்கறி விருந்தளித்தார். நன்றி கூற எழுந்தபோது முதல் வாக்கியத்துக்கு மேல் பேச நா எழவில்லை என்று அவரே குறித்துள்ளார். நாவன்மை இல்லாதவருக்கும் நட்பு வாய்க்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

இரண்டாமவர் நம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 14-ஆம் நாள் லண்டன் சேர்ந்தார். நெவில் என்னும் கணிதப் பேராசிரியர் அவரை வரவேற்றுக் கேம்பிரிட்ஜில் தம் இல்லத்திலேயே சில வாரம் தங்கவைத்துப் பேணினார். பின்னர் இராமானுஜன் திரினிட்டி கல்லூரி விடுதிக்குச் சென்றார். பேராசிரியர் ஹார்டியோடு அவர் செய்த ஆராய்ச்சியை உலகம் அறியும்.

ஒருநாள் அங்குப் பயின்ற பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவரைக் காண வந்தார். கணப்பருகே அமர்ந்திருந்த இராமானுஜன், இரவில் மேலங்கியையும் சால்வையையும் போர்த்தும் குளிர் தாங்கவில்லை என்றார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல மெத்தையின் ஓரங்களில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜனுக்கு எவரும் சொல்லவில்லை! எண்களின் மறைபொருளை உணர்ந்தவர், கம்பளியின் மேலே படுத்து நடுங்கினார். அதைச் சொல்லிக் கொடுக்கக் கல்வி வேண்டுவதில்லை. அருகில் ஒருவர் வேண்டும். அந்த மகலனோபிஸ்தான் பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

இராமானுஜனும் மரக்கறி நோன்பு பூண்டவரே. ஆதலின் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் கூடி உண்ணும் மண்டபத்தை விடுத்துத் தம் அறையிலேயே சமைத்து உண்டார். அவ்வறையும் சில வேளைகளில் நட்பின் கூடமாயிற்று. ஒருமுறை அவர் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் பத்திரிகையில் கண்ட ஒரு வீட்டெண் புதிரைப் படித்தார். கிளறியவாறே இராமானுஜன் அத்தகைய புதிர்கள் அனைத்துக்கும் பொருந்தும் விடையைச் சொன்னார். ஆனால் அந்த ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. கல்லூரியிலிருந்து பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். பழகும் வட்டம் சுருங்கியது. ஒருநாள் தாம் சமைத்த விருந்துக்கு நண்பர் சிலரை அழைத்திருந்தார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது அவர்கள் போதும் என்றனர். அதனால் உள்ளம் நொந்த அவர், சொல்லாமல் எழுந்து வெளியேறிச் சில நாள் ஆக்ஸ்போர்டில் இருந்துவிட்டார். சிறு மறுப்பும் தனித்திருப்பவன் நெஞ்சில் பெரும்புண்ணாகிறது. 1917-இல் நோயுற்று, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இருவரையும் ஒப்பிட்டு ஒருவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. காலமும் இடமும் வேறு. லண்டனில் மரக்கறி உணவினர்க்கு ஒரு சங்கம் இருந்தது. இராமானுஜனுக்கோ போர்க்காலக் கேம்பிரிட்ஜ் வாய்த்தது. ஒரே நோன்பு ஒருவரைப் பலர் கூடும் மேசைக்கு அழைத்துச் சென்றது. மற்றவரைத் தனியறையில் அமர்த்தியது. ஆகவே நாம் கொள்ள வேண்டிய பாடம் இது: வேற்றூர் சென்றவன் தன் இயல்பைத் துறக்க வேண்டுவதில்லை, அவ்வியல்புக்கு இசைந்த மேசை எங்குள்ளது என்று தேடிச் செல்ல வேண்டும். அது நூலகமாகலாம், விளையாட்டுத் திடலாகலாம், இசைக்குழுவாகலாம். ஒருமுறை சென்றால் போதாது. வாரந்தோறும் தவறாது செல்ல வேண்டும். அங்கே ஒரு சிறு பணியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தெரியாததைக் கேட்பதற்கு வெட்கப்படலாகாது. தாய்மொழி பேசுவோர் கூட்டம் புண்ணுக்கு மருந்து. ஆயினும் அதனுள்ளேயே அடங்கிவிட்டால் வந்த நாடு வெளியிலேயே நின்றுவிடும். இக்காலத்தில் கைப்பேசி வழியே வீட்டார் முகத்தை நாள்தோறும் காணலாம். அந்த இன்பம் நம்மை அறைக்குள்ளேயே கட்டிப்போடாதவாறு காத்துக்கொள்ளுதலும் வேண்டும்.

நண்பர்களே, உங்களுள் எல்லாரும் கடல் கடந்து செல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் கல்லூரி விடுதிக்கு வேற்று மாநிலத்திலிருந்தும் வேற்று நாட்டிலிருந்தும் மாணவர் வருகின்றனர். உணவுக்கூடத்தில் ஒருவன் தட்டை ஏந்தி, எங்கே அமர்வது என்று தெரியாமல் நிற்கக் காண்பீர்கள். அவனுக்கு உங்கள் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள். துணி துவைக்குமிடம் எது, மாலையில் பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அன்று அவன் குளிரின்றி உறங்குவான்.