முஷாரஃப் சொன்ன முடி யோசனை

இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் என்றால் பேச்சு எப்படியும் அரசியலில் போய் நிற்கும். அந்த அரசியலே கலகலப்பாகப் பேசிய ஒரு நாளும் உண்டு.

2006 பிப்ரவரி, லாகூர் ஒருநாள் போட்டி. இந்தியா ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. தோனி 46 பந்துகளில் 72 ரன், கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. பரிசளிக்க வந்தவர் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப். தோனிக்கு அப்போது தோள்வரை புரளும் முடி. அதை வெட்டச் சொல்லி ரசிகர்கள் சிலர் அட்டை பிடித்திருந்தார்கள். முஷாரஃப் அதைக் குறிப்பிட்டு, தன்னைக் கேட்டால் இந்த முடியே அழகு, வெட்ட வேண்டாம் என்றார். அரங்கமே சிரித்தது. கார்கில் போர் முடிந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தப் போரின்போது பாகிஸ்தான் ராணுவத் தளபதியாக இருந்தவரும் இவர்தான்!

ரசிகர்களின் அன்புக்கும் குறைவில்லை. இந்திய அணியின் 2004 பாகிஸ்தான் பயணத்தில் நம் சென்னைப் பையன் லட்சுமிபதி பாலாஜியின் சிரிப்புக்கே அங்கே தனி ரசிகர் கூட்டம். இந்திப் பாட்டு ஒன்றில் அவர் பெயரைச் சேர்த்துப் பாடினார்கள்.

2008 ஆசியக் கோப்பைக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி பாகிஸ்தான் மண்ணில் ஆடவில்லை. அந்த ரசிகர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.