உங்களுக்குத் தெரியுமா? தலையணையில் படுத்தால் அழுத்தம் தெரியும்!
இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குவதற்குப் பல நாள் முன்பே நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். அதைப் பிடிக்க வந்ததுதான் 'கார்டியோமெம்ஸ்'. பேட்டரியே இல்லாத, 15 மில்லிமீட்டர் நீளக் கருவி. தொடைச் சிரை வழியாகக் கொண்டுபோய் அந்தத் தமனியில் வைக்கிறார்கள். வீட்டில் ஆன்டெனா பொதிந்த தலையணையில் சற்றுப் படுத்தால் போதும், அளவு மருத்துவருக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் 550 பேரிடம் நடந்த 'சாம்பியன்' ஆய்வில் எல்லோருக்குமே கருவி பொருத்தினார்கள். ஆனால் ஏறத்தாழப் பாதிப் பேரின் அளவுகளைத்தான் மருத்துவர்கள் பார்த்தார்கள். தாம் எந்தப் பிரிவு என்பது நோயாளிக்குத் தெரியாது. (ஆய்வின் சாமர்த்தியமே இதில்தான்!) 2011-இல் வெளியான முடிவு: அளவு பார்க்கப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதம் குறைவு. அந்த அளவைப் பார்த்து மருத்துவர்கள் அதிகம் கூட்டிக் குறைத்தது, நீர் பிரியும் மாத்திரையை.