சீசாவுக்குள் இருப்பது என்ன?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் தும்மல் சத்தம் கேளாத வீடு இராது. மூக்கடைப்பும் இருமலும் தலைக்கனமும் வந்தவுடன் நம்மவர்கள் செய்கிற காரியம் ஒன்றே. தெருமுனையிலுள்ள மருந்துக் கடைக்குப் போய், "ஜலதோஷத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு வில்லையோ ஒரு சீசாவோ எடுத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவர் விலையைப் பார்க்கிறார். சற்று விவரம் தெரிந்தவரானால் காலாவதித் தேதியையும் பார்க்கிறார். உள்ளே இருப்பது என்ன என்பதை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு படி அரிசி வாங்கினால்கூட, கையில் அள்ளிக் கல் இருக்கிறதா, நெல் இருக்கிறதா என்று பார்க்கும் நாம், இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது விந்தையல்லவா?

இவ்வாறு விற்கப்படும் மருந்துகளிற் பெரும்பாலானவை தனி மருந்துகளல்ல. இரண்டு, மூன்று, நான்கு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கலவைகள். அளவறிந்து உபயோகித்தால் அவற்றால் சிலருக்குச் சிறிது சுகம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கலவை என்ற காரணத்தினாலேயே அவற்றுக்கு ஒரு தனி அபாயமும் உண்டு. அந்த அபாயத்தை வைத்தியர் மட்டும் தடுத்துவிட முடியாது. சர்க்கார் மட்டும் தடுத்துவிட முடியாது. சீசாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கும் வழக்கம் ஜனங்களிடையே ஏற்பட்டால்தான் தடுக்க முடியும். இதுவே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

கலவையின் உறுப்புகள்

ஜலதோஷத்தை உண்டாக்குபவை வைரஸ் என்னும் நுண்கிருமிகள். அவற்றைக் கொல்லும் மருந்து இந்தச் சீசாக்கள் எதிலும் இல்லை. உடம்பே சுமார் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அவற்றை வென்றுவிடுகிறது. அதுவரையில் ஏற்படும் உபத்திரவங்களைக் குறைப்பது ஒன்றே மருந்தின் வேலை. உபத்திரவங்கள் பலவாதலால் மருந்துகளும் பலவாகின்றன. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால், தும்மலுக்கும் மூக்கு ஒழுகுவதற்கும் அரிப்புக்கும் குளோர்பெனிரமின், செட்டிரிசின் முதலிய ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், வறட்டு இருமலை அடக்க டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், சளியை இளக்க ஆம்ப்ராக்ஸால், குவைஃபெனிசின். இவற்றில் மூன்றையோ நான்கையோ ஒன்றாக அடக்கி ஒரு கவர்ச்சியான வியாபாரப் பெயரைச் சூட்டிவிட்டால் கலவை மருந்து தயாராகிவிடுகிறது.

ஒருவருக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது; காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அவரும் நான்கு மருந்தையும் சேர்த்தே விழுங்குகிறார். ஒருவன் செய்த குற்றத்துக்காக அந்நிய ஆட்சியார் ஊர் முழுவதன்மேலும் தண்டவரி விதித்தார்களே, அதைப் போன்றதுதான் இதுவும். மூக்கின் குற்றத்துக்குக் கல்லீரலும் இருதயமும் வரி செலுத்துகின்றன. சில சீசாக்களில் இருமலை அடக்கும் மருந்தும் சளியை வெளியேற்றும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று "இருமாதே" என்கிறது. மற்றொன்று "இருமித் துப்பு" என்கிறது. நோயாளி எதைக் கேட்பது?

உறுப்புகளுள் சிலவற்றின் பயனே சந்தேகத்துக்கு இடமாகியிருக்கிறது. ஃபினைலெஃப்ரினை வாயால் உட்கொண்டால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. அந்த மருந்தை அவ்வகைக் கலவைகளிலிருந்து விலக்கிவிடலாம் என்று 2024 நவம்பரில் நிர்வாகமே யோசனை வெளியிட்டது. நம் தேசத்துக் கடைகளில் அதே மருந்து எத்தனையோ பெயர்களில் விற்பனையாகி வந்திருக்கிறது.

ஒரே ஆசாமி, இரண்டு பெயர்

இனி அபாயத்துக்கு வருவோம். அது வெறுங் கணக்குத்தான். ஒருவருக்குக் காய்ச்சலும் ஜலதோஷமும் சேர்ந்து வருகின்றன. காய்ச்சலுக்கென்று 650 மில்லிகிராம் பாரசிட்டமால் வில்லையை நாளைக்கு நான்கு முறை சாப்பிடுகிறார். ஆகமொத்தம் 2,600 மில்லிகிராம். இது அளவுக்கு உட்பட்டதே. ஜலதோஷத்துக்கென்று வேறொரு பெயருள்ள வில்லையையும் நான்கு முறை சாப்பிடுகிறார். அந்த வில்லை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் அடங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதில் 2,000. இரண்டையும் கூட்டினால் 4,600. வயது வந்த ஒருவர் 24 மணி நேரத்தில் உட்கொள்ளக்கூடிய உச்ச அளவோ 4,000 மில்லிகிராம்தான். தினமும் மது அருந்துபவர்களுக்கும், கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும், உடல் மிக மெலிந்தவர்களுக்கும் அது இன்னும் குறைவு.

ஒரே ஆசாமி இரண்டு பெயர்களில் இரண்டு பத்திரம் எழுதிக் கொடுத்தால் கோர்ட்டார் அதை மோசடி என்பார்கள். மருந்துக் கடையில் ஒரே மருந்து இருபது பெயர்களில் உலவுகிறது. அது சட்டப்படி குற்றமன்று. ஆகவே அடையாளம் கண்டுகொள்ளும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

ஒரு நாள் இப்படி அளவு சற்று மீறினால் பெரும்பாலோர் தப்பிவிடலாம். நாலைந்து நாட்கள் தொடர்ந்தால் கல்லீரல் கெடக்கூடும். இதில் கொடுமை யாதெனில், முதல் நாள் சிறிது குமட்டலைத் தவிர வேறு குறியே தோன்றாமலிருக்கலாம். கண்ணும் மேனியும் மஞ்சளாவதற்குள் கேடு முற்றிவிடுகிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. பெருமளவு உட்கொண்டவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால் மிகுந்த பலன் உண்டு. ஆகையால் அளவு மீறிவிட்டதென்று தெரிந்தால், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யார் யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் தூக்கத்தைத் தருபவை. அவற்றைச் சாப்பிட்டுவிட்டு லாரியோ பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதும், யந்திரத்தின் முன் நிற்பதும் உயிரோடு விளையாடுவதாகும். மதுவும் தூக்க மாத்திரையும் அந்த மயக்கத்தைப் பன்மடங்காக்கும். முதியவர்களுக்கு அவை புத்தித் தடுமாற்றத்தையும் கீழே விழும் அபாயத்தையும் உண்டாக்கும். சிறுநீர் சிரமப்பட்டுப் போகும் உபாதையுள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளலாம். கண் அழுத்த நோயுள்ளவர்களில் சிலருக்குப் பார்வைக்கே கேடு நேரலாம்.

மூக்கடைப்பு மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. இவ்வினத்தைச் சேர்ந்த ஃபினைல்புரொபனோலமைன் என்ற மருந்து மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும் என்று கண்டு, 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்க நிர்வாகம் அதைக் கடைகளிலிருந்து அகற்றும்படி கேட்டது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தை வாங்குவதற்கு முன் தங்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விபரீதம் விளையக்கூடும்.

குழந்தைகள் விஷயம்

பெரியவர்கள் அறியாமையால் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்கிறார்கள். குழந்தையோ நாம் ஊட்டியதை விழுங்குகிறது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது அவசியம்.

2025-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். சாதாரண ஜலதோஷமும் இருமலும் கண்டவை. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து நம் தமிழ்நாட்டிலே, காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள ஒரு தொழிற்சாலையில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அதைப் பரிசோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் அதில் 48.6 சதவிகிதம் இருக்கக் கண்டது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம். தொழிற்சாலை மூடப்பட்டது, லைசென்ஸ் ரத்தாயிற்று. போன உயிர்கள் போனவையே. இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் பலிகொண்டு, மறு வருஷமே அங்கே புதிய மருந்துச் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. 1972-ல் சென்னையிலும் குழந்தைகளைக் கொன்றது. 1937-லேயே உலகம் அறிந்துகொண்ட ஒரு விஷம், மூலப் பொருளைச் சரிவரப் பரிசோதிக்காத ஒரு காரணத்தால் இன்னும் குழந்தைகளின் வாய்க்கு வருகிறதென்றால், அதற்குப் பொறுப்பாளி உற்பத்தி செய்தவரும் கண்காணிக்கத் தவறியவர்களுமே. தாய்மார்களை இதில் யாரும் குறை கூற முடியாது.

ஆனால் இந்தச் சம்பவத்தில் மற்றொரு விஷயமும் இருக்கிறது. பத்திரிகைகளில் அது போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை. அந்தச் சீசாவில் விஷமே கலவாதிருந்தாலும், சீட்டில் கண்டபடி அது பாரசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று சீட்டிலேயே அச்சிட வேண்டுமென மத்திய சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருந்தார். சிந்த்வாரா மரணங்களுக்குப் பின் 2025 அக்டோபரில் மத்திய சுகாதார டைரக்டரேட், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்துகளை எழுதிக் கொடுக்கவே கூடாதென்றும், ஐந்து வயது வரை பொதுவாக அவை வேண்டியதில்லையென்றும் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. அதாவது, மாண்ட குழந்தைகளிற் பலவற்றுக்கு அந்த மருந்து சுத்தமாக இருந்திருந்தாலும் தேவையற்றது. தேவையற்ற மருந்தை வாங்காதிருந்தால், கலப்படம் செய்தவனின் கையும் அக்குழந்தைகளை எட்டியிராது.

சிறு குழந்தைக்கு ஜலதோஷம் வந்தால் செய்யக்கூடியவை எளியவை. தாய்ப்பாலும் வெதுவெதுப்பான நீராகாரமும் அடிக்கடி கொடுப்பது. மூக்கடைப்புக்குச் சுத்தமான உப்புநீர்ச் சொட்டு மருந்து. ஒரு வயது நிறைந்த குழந்தையானால் படுக்கும் முன் சிறிது தேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூச்சு வாங்கினாலும், நெஞ்சுக் குழி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

சட்டம் சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது. பயனற்ற அல்லது அபாயமான மருந்தைத் தடை செய்யும் அதிகாரம், 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் 26-ஏ பிரிவினால் மத்திய சர்க்காருக்கு இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 2016 மார்ச்சில் 344 கலவை மருந்துகள் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன. கம்பெனிகள் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போயின; அவ்வருஷ டிசம்பரில் தடை ரத்தாயிற்று. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் விஷயத்தை நிபுணர் சபையின் பரிசீலனைக்கு அனுப்பிற்று. 2018 செப்டம்பரில் 328 கலவைகள் மறுபடியும் தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் இன்னும் 156 கலவைகள் தடைக்கு உள்ளாயின.

2016-க்கும் 2018-க்கும் இடையில் இரண்டரை வருஷம். பாதிக்கப்படும் கட்சி தன் நியாயத்தைச் சொல்லிக்கொள்ள அவகாசம் பெறுவது முறையே. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கோர்ட்டில் வாய்தா நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் கடையில் விற்பனையும் நடந்துகொண்டுதான் இருந்தது. சட்டம் மெதுவாக நடக்கும். மருந்து வேகமாகப் பரவும். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது ஜனங்களின் விழிப்பு ஒன்றே.

செய்ய வேண்டியவை

முதலாவது, வியாபாரப் பெயரை விட்டு உள்ளடக்கப் பெயரைப் படியுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்தையும் புதிதாக வாங்கியதையும் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர் இரண்டிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, ஒரே உபத்திரவமானால் அதற்குரிய ஒரே மருந்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, திரவ மருந்தைச் சமையலறைக் கரண்டியால் அளக்காமல் சீசாவுடன் வரும் மில்லிலிட்டர் மூடியால் அளவுங்கள். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். நான்காவது, பெரியவர் மருந்தைப் பாதியாக்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஐந்தாவது, வைத்தியரிடம் போகும்போது வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளையெல்லாம் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இவ்வளவும் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொன்னது. ஆனால் சீட்டைப் படியுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லும்போது, அந்தச் சீட்டு எந்தப் பாஷையில் இருக்கிறது என்ற கேள்வி உடனே எழுகிறது. பெரும்பாலும் இங்கிலீஷில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில். தமிழ் மட்டுமே அறிந்த தாய்க்கு "நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதே" என்ற எச்சரிக்கை புரியாத எழுத்தில் இருந்தால், அந்த எச்சரிக்கை கம்பெனியைக் காப்பாற்றுமேயன்றிக் குழந்தையைக் காப்பாற்றாது. தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு சீசாவிலும் உள்ளடக்கப் பெயர்களும் எச்சரிக்கையும் தமிழில், வியாபாரப் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். இதில் கம்பெனிகளுக்கு ஆகும் செலவு அற்பம்.

அது வரும்வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுத்தொண்டில் ஈடுபட்டுக் கிராமந்தோறும் செல்லும் நண்பர்கள், கூட்டம் முடிந்தபின் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். வாசகசாலைச் சுவரில் "பாரசிட்டமால்", "குளோர்பெனிரமின்", "ஃபினைலெஃப்ரின்" என்ற மூன்று பெயர்களையும், இங்கிலீஷில் அவை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதையும், எவருக்கு ஆகாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவன் ஒருவன் தெருவிலிருந்தால், அந்தத் தெருத் தாய்மார்கள் அனைவரும் அவனிடம் சீசாவைக் காட்டிக் கேட்கலாம். வாசகர்கள் முதலில் தத்தம் வீட்டு அலமாரியிலுள்ள சீசாக்களை இன்றே எடுத்துப் படித்துப் பார்ப்பார்களாக.