காலி ஸ்லாட்

அப்பாவின் எல்ஐசி ஃபைலுக்குள் ஒரு கொட்டேஷன் சீட்டு இருக்கிறது. 1999 ஆகஸ்டில் ரிச்சி தெருக் கடை ஒன்றில் கார்பன் வைத்து எழுதிக் கொடுத்தது. கார்பன் நீலம் மங்கிவிட்டது, மடித்த இடம் விட்டுப் போய்விட்டது. ஆனாலும் ஒரு வரி பளிச்சென்று தெரிகிறது. ‘ராம் 64 எம்பி’ என்று இருந்ததைப் பேனாவால் அடித்து, மேலே 32 என்று எழுதியிருக்கிறது. அந்த அடித்தல் அக்டோபரில் விழுந்தது. நடுவில் செப்டம்பர் 21ஆம் தேதி தைவானில் பூகம்பம் வந்திருந்தது.

இந்தப் பொங்கல் லீவில் அக்கா மகள் வந்தாள். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு. ராத்திரி லேப்டாப்பில் ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால், சூடேறி நடுவிலேயே அணைந்து கிடக்கிறதாம். “எண்பதாயிரம், மாமா. அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாதுன்னு அப்பா சொல்லிட்டார். மானிட்டர் ஏற்கெனவே இருக்கு” என்று போனில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினாள். அதிலும் ராம் வரிக்குப் பக்கத்தில்தான் கேள்விக்குறி இருந்தது. நான் ஃபைலைத் தேடி எடுத்து வந்தேன். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

எங்கள் பட்ஜெட் அன்று 38 ஆயிரம். அப்பா பி.எஃப். கடன் போட்டு எடுத்த பணம். அன்றைக்குத் திட்டமிடுவது என்றால் நடப்பது என்று அர்த்தம். மவுன்ட் ரோட்டில் இறங்கி, காஸினோ தியேட்டர் பக்கமாக உள்ளே போய், ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய தெரு அது. நாங்கள் போனபோதும் ஒரு கடையில் ஸ்பீக்கர் காந்தம், அடுத்த கடையில் மதர்போர்டு என்று கலந்தே இருந்தது. ஐந்து கடையில் ஐந்து சீட்டு வாங்கி வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் நானும் ஒப்பிடுவோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழில் படித்தது, கல்லூரி நண்பர்கள் சொன்னது, அவ்வளவுதான். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “இதுல எது முதல்ல கெட்டுப்போகும்?” அந்தக் கேள்விக்கு யார் நேராகப் பதில் சொன்னாரோ அவரிடம்தான் வாங்கினோம். “ஃப்ளாப்பி டிரைவ் சார். தூசி பட்டா போச்சு” என்றார் அவர்.

சீட்டில் இருந்தது ஏஎம்டி கே6-2, 350 மெகாஹெர்ட்ஸ். இன்டெல் செலரான் வாங்கக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருந்தது. பிறகு ஏடி போர்டு, சிஸ் 6326 ஏஜிபி கார்டு, 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் மானிட்டர், சிடி டிரைவ், சவுண்ட் கார்டு, மோடம், டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. கேபினெட் என்ற வரியில் ‘வித் எஸ்எம்பிஎஸ்’ என்று சின்னதாக எழுதி முடித்திருந்தார்கள். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் அந்தப் பெட்டியின் விலையை யாரும் கேட்கவில்லை, தரத்தையும் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்டில் சீட்டு வாங்கிவிட்டுக் கடன் பணம் வரட்டும் என்று காத்திருந்தோம். செப்டம்பரில் தைவான் குலுங்கியது. சின்ச்சூ நகரத்து சிப் ஆலைகளுக்கு மின்சாரம் போனது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த ராம் விலை எங்கேயோ போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால் நாங்கள் கடைக்குப் போனபோது 64 எம்பிக்குச் சொன்ன தொகை எங்கள் கணக்கில் அடங்கவில்லை. மானிட்டரைக் குறைக்கலாமா, ஹார்ட் டிஸ்க்கைக் குறைக்கலாமா என்று நான் தவித்தேன். கடைக்காரர் மதர்போர்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். “மூணு ஸ்லாட் இருக்கு தம்பி. ஒண்ணுல 32 போடு. மத்தது காலியா கிடக்கட்டும். விலை எறங்கும்போது வாங்கி நீயே குத்திக்கோ.”

இறங்கத்தான் செய்தது. 2001இல் அந்த 32 எம்பிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த காசில் 128 எம்பி வாங்கினேன். அப்போது அதே மனிதர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்: பழைய போர்டு என்பதால் இரண்டு பக்கமும் சிப் வைத்த ராமாகப் பார்த்து வாங்கு, ஒரு பக்கம் மட்டும் சிப் இருந்தால் 64தான் காட்டும். எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத சங்கதி அது.

அக்கா மகளின் கேள்விக்குறிக்குக் காரணம் பூகம்பம் இல்லை. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகச் சிப்புகளைத் தயாரிப்பதில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் இறங்கிவிட்டன. உலகத்து ராமில் பெரும்பகுதி இந்த மூன்று பேர் கையில்தான் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவது சுருங்கிப் போய், 2025 கடைசியில் விலை இரண்டு மடங்கையும் தாண்டியது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே முடித்துக்கொள்வதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. இடைப்பட்ட காலத்திலும் இப்படி வந்திருக்கிறது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. 2021இல் கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டை அள்ளிப் போனார்கள். நடுத்தரக் குடும்பம் ஒரு தொகையை எண்ணி எடுத்து வைத்திருக்கும்போது, கண் காணாத ஊரில் நடப்பது நம் சீட்டில் ஒரு வரியை அடித்துவிடுகிறது. அதை நாம் தடுக்க முடியாது. எந்த வரியை அடித்தால் பிறகு திரும்ப எழுத முடியும் என்பதை மட்டும் முன்கூட்டி யோசித்து வைக்கலாம். பட்ஜெட் போடுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

1999இல் நான் அந்த யோசனையைப் பாதிதான் செய்திருந்தேன். ராமுக்கு இடம் இருந்தது, பிராசசருக்கு இல்லை. சூப்பர் சாக்கெட் 7 என்ற அந்தச் சாக்கெட் அப்போதே கடைசி மூச்சில் இருந்தது. இரண்டு வருடம் கழித்து வேகமான பிராசசர் வேண்டுமென்று போனால் புதுப் போர்டு வேண்டும், அதற்கு ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் வேண்டும், அதற்கு வேறு கேபினெட் வேண்டும் என்றார்கள். மலிவாக வாங்கியதன் மிச்சமெல்லாம் அதில் போய்விடும் என்று மாற்றாமல் விட்டுவிட்டேன்.

அதனால்தான் அக்கா மகளிடம் சாக்கெட் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அவள் பட்டியலில் ஏஎம்4 இருந்தது. அருமையான சாக்கெட், ஆறாயிரம் ஏழாயிரம் மிச்சமாகும் என்பதும் உண்மை. ஒரே சாக்கெட்டில் ஐந்தாறு வருடம் புதுப் புதுப் பிராசசர் வந்தது நான் பார்த்ததில் அதில்தான். ஆனால் அது தன் ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டது. ஏஎம்5 வந்தது 2022இல். 2027 வரைக்கும், அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. “இன்னைக்கு ரைசன் 5 7600 போடு. நாலு வருஷம் கழிச்சு வேலைக்குப் போனதும் அதைக் கழற்றிட்டு வேற போட்டுக்கலாம். போர்டைத் தொட வேண்டாம்” என்றேன். 7600 பெட்டியிலேயே கூலர் வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். சின்னதாக உள்ளேயே கிராபிக்ஸும் உண்டு. கார்டு பழுதாகிப் போனாலும் திரையில் படம் வரும். மறுநாள் சமர்ப்பிக்க வேண்டியவளுக்கு அது பெரிய விஷயம்.

கிராபிக்ஸ் கார்டில் அவள் பிடிவாதம் ஜெயித்தது, அது சரியும்கூட. ரெவிட்டில் வரைவதற்குப் பிராசசர்தான் முக்கியம். ரெண்டர் என்று வந்துவிட்டால், அவள் பயன்படுத்தும் பிளெண்டரில் என்விடியா கார்டுதான் வேலையை இழுத்துக்கொண்டு போகும். ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. எண்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. எங்கள் சீட்டில் அந்த இடம் மானிட்டருக்கு இருந்தது. கிராபிக்ஸ் கார்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. மோடம், சவுண்ட் கார்டு, சிடி, ஃப்ளாப்பி எல்லாம் அவள் பட்டியலில் இல்லவே இல்லை. போர்டுக்குள் கரைந்தது பாதி, காலத்தில் கரைந்தது மீதி.

இப்போது எஸ்எம்பிஎஸ். 2002 கோடையில் ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்தது, கேபினெட்டோடு ‘இனாமாக’ வந்த அந்த எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பட்டென்று சத்தம், கருகிய வாடை. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. என் கல்லூரி புராஜெக்ட், அப்பா டைப் செய்து வைத்திருந்த எங்கள் குலக்கொடி வழி எல்லாம் அதற்குள் இருந்தன. தாத்தாவின் தங்கைகள் பெயரையெல்லாம் ஊருக்குப் போய்க் கேட்டு எழுதியிருந்தார். கேட்டுச் சொன்ன பெரியம்மா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அப்பா மறுபடி அதைத் தொடங்கவே இல்லை. அன்றிலிருந்து யார் கொட்டேஷன் காட்டினாலும் என் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான். அக்கா மகள் அதற்கு ஒதுக்கியிருந்த தொகையைப் பார்த்ததும் கண்ணாடி கேபினெட், கலர் விளக்கு ஃபேன் இரண்டையும் அடிக்கச் சொன்னேன். முகம் வாடியது. கதையைச் சொன்னேன். அவளே அடித்தாள். 80 பிளஸ் வெண்கலத் தரச் சான்று, ஐந்து வருட வாரண்டி, 650 வாட். இந்தக் கார்டுக்கு 550 போதும். மேலே இருக்கும் நூறு வாட், நாளைக்கு வரப்போகும் கார்டுக்கான காலி இடம்.

ராம் வரி கடைசியில்தான் முடிந்தது. 32 ஜிபி வேண்டுமென்று அவளுக்கு ஆசை, வேலைக்கும் அதுதான் சரி. ஆனால் பணம் இல்லை. இரண்டு 8 ஜிபி போட்டால் இரட்டைச் சேனலில் ஓடும், வேகம் கிடைக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் டிடிஆர்5இல் நாலு ராம் மாட்டினால் வேகத்தை இறக்கித்தான் ஓட்ட வேண்டிவரும். அந்த இரண்டு எட்டையும் பிறகு கழற்றிப் போட வேண்டியதுதான். ஒரே 16ஆக ஒன்று வாங்கினால், தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பதால் இழப்பு கொஞ்சம்தான். விலை இறங்கும்போது அதே மாடலில் இன்னொன்று. “இப்ப ஒரு ஸ்லாட் காலியா இருக்கட்டும்” என்றேன். அவள் பழைய சீட்டை எடுத்து அந்த அடித்தலை ஒருமுறை பார்த்தாள்.

1999இல் செட்டை மாட்டியது கடைப் பையன். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜம்பர் என்று சின்னச் சின்ன கறுப்புத் தொப்பிகளைக் குறடால் பிடித்து மாற்றினான். 100, 3.5 மடங்கு, 2.2 வோல்ட். பழைய பென்டியம் எம்எம்எக்ஸுக்கு வைத்திருந்த 2.8இல் விட்டிருந்தால் பிராசசர் காலி. போர்டுக்குப் போகும் இரண்டு பவர் பிளக்கையும் எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு சொன்னான்: “கறுப்பும் கறுப்பும் பக்கத்துல.” மாற்றிக் குத்தினால் போர்டு புகையும். முன்பக்க ஸ்விட்சில் 230 வோல்ட் நேராக வந்தது. அதன் நாலு ஒயரை மட்டும் அவன் என்னைத் தொட விடவில்லை.

இன்று அக்கா மகளே மாட்டினாள். மாற்றிக் குத்த வழியில்லாத பவர் பிளக்குகள், வேகத்துக்கும் வோல்ட்டுக்கும் ஜம்பர் கிடையாது. பயப்பட வேண்டியது ஓரிடத்தில்தான். முன்பு முள் பிராசசரில் இருந்தது, இப்போது போர்டில் இருக்கிறது. 1718 முள், தலைமுடி மாதிரி. பிராசசர் சாய்ந்து விழுந்தால் வளைந்துவிடும். மூலையிலிருக்கும் முக்கோணக் குறியைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். ராமைப் பிராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், ஏ2இல், இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். க்ளிக்.

பவர் ஸ்விட்சுக்கு இப்போது இரண்டு சின்ன முள். ஒயரை மாட்டுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் தொடச் சொன்னேன். தொட்டாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. போர்டு ஓரத்தில் ராம் என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றது.

“மாமா, டிஸ்ப்ளே வரல.”

“தொடாதே. இரு.”

டிடிஆர்5 ராமை முதல் தடவை பார்க்கும் போர்டு, அது எப்படி நிலையாக ஓடும் என்று தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. நிமிடக் கணக்கில் ஆகும். தெரியாமல் நடுவில் அணைத்துவிட்டு, போர்டு போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. 1999இல் திரை உடனே வந்தது. மெமரியை வெள்ளை எழுத்தில் எண்ணிக் காட்டியது. அப்பா குனிந்து, எண் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது 32768இல் நின்றதும், “நின்னுடுச்சே, கெட்டுப்போச்சா?” என்று கேட்டார்.

மூன்று நிமிடம் இருக்கும். அக்கா மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் அணைந்தது, வெள்ளை எரிந்தது, திரையில் படம் வந்தது. பயாஸுக்குள் போய் மெமரிப் பக்கத்தைத் திறந்தாள். ஏ2: 16 ஜிபி. பி2: ஒன்றும் இல்லை. போனை எடுத்து அதைப் படம் பிடித்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள்.